வெயிலுக்கு முதுகு காட்டிய கோபுரம்: ஜித்தாவின் ஓர் அலுவலகக் கட்டடம் சொல்லும் வரலாறு

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படும் நம் குடும்பத்தினருக்கு ஜித்தா ஒரு வாசல். பெரும்பாலானோர் விமான நிலையத்தில் இறங்கி, இஹ்ராமின் நினைவிலேயே மக்காவை நோக்கி விரைந்துவிடுகின்றனர். ஊரைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. அதில் பிழையும் இல்லை. ஆனால் அந்த ஊரின் பழைய கடற்கரைப் பகுதியில், ஒரு நீர்நிலையின் ஓரத்தில், சன்னல்களே இல்லாதது போலத் தோன்றும் ஒரு முக்கோணக் கோபுரம் நிற்கிறது. அதன் சுவர்களில் பெரிய சதுரத் துளைகள் மூன்று. கட்டடத்தை யாரோ பாதியில் விட்டுச் சென்றார்களோ என்று முதன்முறை பார்ப்பவர்கள் ஐயுறக்கூடும். உண்மையில், அலுவலகக் கோபுரங்களின் வரலாற்றில் முக்கியமான திருப்பங்களுள் ஒன்று அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

'நேஷனல் கமர்ஷியல் பேங்க்' என்னும் சவூதி வங்கியின் தலைமையகமாக 1983-இல் நிறைவுற்ற கட்டடம் அது. வங்கித் தொழிலைப் பற்றிய மார்க்கச் சட்டங்கள் தனியாகப் பேசவேண்டியவை. இங்கு நாம் எடுத்துக்கொள்வது கட்டடக்கலையை மட்டுமே. 'பசுமைக் கட்டடம்', 'நீடித்து நிலைக்கும் வடிவமைப்பு' போன்ற சொற்களை இன்று விளம்பரங்களில் நாள்தோறும் காண்கிறோம். அவை ஏதோ நேற்று மேற்கில் பிறந்த கருத்துகள் என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அவற்றின் வேர் எங்கே இருக்கிறது, நடுவில் எங்கே அறுந்தது, மீண்டும் எப்படித் துளிர்த்தது என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயனளிக்கும், இன்ஷா அல்லாஹ்.

பழைய ஜித்தாவின் பாடம்

ஜித்தாவின் பழைய நகரை 'அல்-பலத்' என்று அழைக்கின்றனர். 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செங்கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கற்களால் எழுப்பப்பட்ட பல மாடி வீடுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. அவற்றின் முகப்பில் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சன்னல் கூண்டுகளுக்கு 'ரோஷன்' என்று பெயர், பன்மையில் 'ரவாஷீன்'. அவற்றுக்கான தேக்கு, இந்தியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. ஹஜ்ஜுப் பயணிகளையும் வணிகப் பொருள்களையும் சுமந்த கடல்வழிதான் அந்த மரத்தையும் கொண்டுவந்து சேர்த்தது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட நஸீஃப் மாளிகை இவ்வீடுகளுள் புகழ்பெற்றது. 1925-இல் ஜித்தாவுக்குள் நுழைந்த மன்னர் அப்துல் அஜீஸ் தங்கியது அங்குதான். மின்சாரமோ குளிர்சாதனமோ இல்லாத காலத்தில், செங்கடலின் புழுக்கத்தில் இத்தகைய வீடுகளில் மக்கள் எப்படி வாழ்ந்தனர்?

ரோஷனின் மரச்சட்டங்கள் நேர்வெயிலைத் தடுத்தன. அவற்றின் இடைவெளிகள் கடற்காற்றை உள்ளே விட்டன. வீட்டினுள் இருப்பவர் தெருவைக் காணலாம். தெருவில் செல்பவரால் வீட்டினுள் காண இயலாது. நிழல், காற்று, பெண்களின் கண்ணியம் ஆகிய மூன்றையும் ஒரே மரவேலைப்பாடு பார்த்துக்கொண்டது. வீட்டின் நடுவே உயர்ந்து செல்லும் படிக்கட்டுக் கூடத்தின் வழியாகச் சூடான காற்று மேலேறி வெளியே சென்றது.

கெய்ரோவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரச்சன்னலுக்கு 'மஷ்ரபிய்யா' என்று பெயர். 'குடித்தல்' என்னும் பொருள் தரும் 'ஷரிப' என்ற அரபு வேரோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவர். நுண்துளையுள்ள மண்குடங்களில் குடிநீரை நிரப்பி அந்தச் சன்னல் மாடத்தில் வைப்பார்கள். குடத்தின் மேற்பரப்பில் கசியும் நீர், வீசும் காற்றில் ஆவியாகும்போது குடத்து நீரும் குளிரும். அறைக்குள் நுழையும் காற்றும் குளிரும். ஈரானிலும் வளைகுடாவின் கரைகளிலும் கூரைக்கு மேல் எழும் காற்றுக்கோபுரங்கள், மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கின. யமனின் ஹழ்ரமௌத் பகுதியிலுள்ள ஷிபாம் நகரில், 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே பச்சை மண்கல்லால் ஏழு மாடியும் அதற்கு மேலும் கட்டி வாழ்ந்திருக்கின்றனர். நெருங்கி நிற்கும் அவ்வீடுகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நண்பகலிலும் தெருவைக் காக்கிறது.

உயரமாகக் கட்டுவது முஸ்லிம் உலகுக்குப் புதிதன்று என்பதை ஷிபாம் காட்டுகிறது. அன்று உயரமாகக் கட்டியவர்கள் வெயிலின் போக்கையும் காற்றின் திசையையும் கணக்கிட்ட பிறகே கல்லை எடுத்தனர்.

கண்ணாடிப் பெட்டி பிறந்த கதை

இன்றைய அலுவலகக் கோபுரம் அமெரிக்காவில் பிறந்தது. 1885-இல் சிகாகோவில் எழுந்த 10 மாடி 'ஹோம் இன்சூரன்ஸ்' கட்டடத்தை அதன் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுவர். கனத்த சுவர் சுமந்த பாரத்தை உலோகச் சட்டகம் ஏற்றுக்கொண்டது. மின்தூக்கி, மேல்மாடிகளைப் பயன்படத்தக்கவையாக மாற்றியது. இருப்பினும் அக்காலத்துக் கட்டடங்களில் சன்னல்கள் திறந்தன. வெளிச்சமும் காற்றும் எட்டவேண்டும் என்பதால், அறைகளைச் சன்னலிலிருந்து வெகுதூரம் உள்ளே கொண்டுசெல்ல முடியவில்லை.

1902-இல் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள ஓர் அச்சகத்துக்காகக் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். ஈரத்தில் தாள் சுருங்கி விரிந்து அச்சு வண்ணங்கள் விலகிப்போன சிக்கலைத் தீர்ப்பதே அதன் நோக்கம். தாளுக்காக வந்த குளிர்ச்சி பின்னர் மனிதருக்கும் வந்தது. 1928-இல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில், முழுவதும் குளிர்சாதனம் செய்யப்பட்ட முதல் உயர் அலுவலகக் கட்டடமான 'மைலம் கட்டடம்' திறக்கப்பட்டது.

1952-இல் நியூயார்க்கில் 'லீவர் ஹவுஸ்' எழுந்தது. சோப்பு விற்கும் நிறுவனத்தின் தலைமையகம் அது, 24 மாடிகள், நீலமும் பச்சையும் கலந்த கண்ணாடிச் சுவர். அதன் சன்னல்களில் ஒன்றுகூடத் திறக்காது. உள்ளிருக்கும் காற்று முழுவதையும் இயந்திரமே தந்தது. அதை வடிவமைத்தவர் 'ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில்' நிறுவனத்தின் கார்டன் பன்ஷாஃப்ட். அப்பளபளப்பு உலகைக் கவர்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் எல்லாக் கண்டங்களிலும் அதன் பிரதிகள் முளைத்தன.

நியூயார்க்கின் பனிக்காலத்துக்கு ஓரளவு பொருந்தியிருக்கக்கூடிய அவ்வடிவம், எண்ணெய்ப் பணத்தோடு பாலைவன நகரங்களுக்கும் வந்தது. கண்ணாடி சூரிய ஒளியை எளிதாக உள்ளே விடுகிறது. அந்த ஒளியால் சூடாகும் தரையும் மேசையும் வெளியிடும் வெப்பத்தையோ அது எளிதில் வெளியே விடுவதில்லை. ஆகவே ஒரு பக்கம் கட்டடம் வெயிலை அழைத்துக்கொண்டே இருக்கிறது. மறுபக்கம் இயந்திரம் எரிபொருளைச் செலவிட்டு அதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. ரோஷன் நிழலில் வாழ்ந்த மக்களின் பேரப்பிள்ளைகள், திரைச்சீலையை இழுத்து மூடி, பட்டப்பகலில் மின்விளக்கின் கீழ் வேலை செய்யும் நிலை இவ்வாறு வந்தது.

ஜித்தாவின் முக்கோணம்

லீவர் ஹவுஸைக் கட்டிய பன்ஷாஃப்டிடமே ஜித்தா வங்கிக் கட்டடத்தின் பொறுப்பும் வந்தது. வடிவமைப்பாளராக அவர் செய்த இறுதிப் பெரும் பணி அது. கண்ணாடிக்கு முகம் கொடுத்தவர், இம்முறை கண்ணாடியைச் சூரியனிடமிருந்து மறைத்தார்.

27 மாடிகள் கொண்ட முக்கோணக் கோபுரம். வெளிச்சுவர்கள் முழுவதும் டிராவர்டைன் எனப்படும் வெளிர்நிறக் கல்லால் போர்த்தப்பட்டவை. அவற்றில் சன்னல் கிடையாது. மின்தூக்கிகளும் பிற சேவைகளும் முக்கோணத்தின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் தனிப்பகுதியில் வைக்கப்பட்டன. அலுவலகங்களுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? நாம் முதலில் சொன்ன துளைகளிலிருந்துதான். ஒரு முகத்தில் இரண்டும் மற்றொரு முகத்தில் ஒன்றுமாக, பல மாடி உயரத்துக்குக் கோபுரம் குடைந்தெடுக்கப்பட்டது. அந்தக் குடைவுகள் வானத்தில் தொங்கும் முற்றங்களாக அமைந்தன. அலுவலக அறைகளின் கண்ணாடிகள் யாவும் அம்முற்றங்களை நோக்கியே திரும்பியிருக்கின்றன. நேர்வெயில் அக்கண்ணாடிகளை எளிதில் எட்டாது. முற்றத்தில் பட்டுச் சிதறி வரும் மென்மையான ஒளியே எட்டும்.

கோபுரத்தின் நடுவே, கீழ்த்தளத்தின் கூரையிலிருந்து உச்சி வரை ஒரு திறந்த குழல் செல்கிறது. முற்றங்களில் சூடேறும் காற்று அவ்வழியாக மேலெழுந்து வெளியேறும். நஸீஃப் மாளிகை போன்ற வீடுகளில் படிக்கட்டுக் கூடம் செய்த வேலையை இங்கே இந்தக் குழல் செய்கிறது. தெருவுக்கு மூடிய சுவர், உள்ளே திறந்த முற்றம் என்ற அரபு வீட்டின் அமைப்பைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தது போன்ற கட்டடம் இது.

மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. இக்கோபுரமும் குளிர்சாதனத்தில்தான் இயங்குகிறது. ஜித்தாவின் கோடையில் வேறு வழியில்லை. ஆனால் இயந்திரத்தின் தலையில் விழும் சுமையை முதலில் சுவரும் நிழலும் குறைக்கவேண்டும், எஞ்சியதை மட்டும் இயந்திரம் ஏற்கவேண்டும் என்ற வரிசைமுறை இங்கே மீண்டும் நிலைநாட்டப்பட்டது. நீடித்து நிலைக்கும் கட்டடக்கலையின் முதல் பாடம் இவ்வரிசைமுறைதான்.

டாக்காவின் மைந்தர்

இவ்வரலாற்றில் நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டிய ஒரு பெயர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929-இல் டாக்காவில் பிறந்து, 1952-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற பொறியாளர். பன்ஷாஃப்ட் பணியாற்றிய அதே நிறுவனத்தின் சிகாகோ அலுவலகத்தில் சேர்ந்தார்.

கட்டடம் உயர உயரக் காற்றின் தள்ளுவிசை பெருகும். அதைத் தாங்கப் பழைய முறையில் உள்ளே எஃகுச் சட்டங்களைக் குவிக்கவேண்டியிருந்தது. கான் வேறு வழி கண்டார். மூங்கிலின் வலிமை அதன் வெளிவட்டத்தில் இருப்பதைப் போல, கட்டடத்தின் வெளிச்சுவரையே ஒரு குழாயாக இயங்கச் செய்தார். 1931-இல் எழுந்த 'எம்பயர் ஸ்டேட்' கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 206 கிலோ எஃகு செலவானது. 1969-இல் கான் பொறியமைத்த 100 மாடி 'ஜான் ஹான்காக் சென்டர்' அதே சதுர மீட்டருக்குச் சுமார் 145 கிலோவில் முடிந்தது. பின்னர் ஒன்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்து எழுப்பிய 110 மாடி 'சியர்ஸ் டவர்', 442 மீட்டர் உயரத்தோடு 1998 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக நின்றது.

எஃகு உருக்கப் பெருமளவு எரிபொருள் வேண்டும். ஒரு கட்டடம் பயன்பாட்டில் எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பதைப் போலவே, அது எழும்போது எவ்வளவு பொருளை விழுங்கியது என்பதும் கணக்கில் வரவேண்டும். தேவைக்கு மேல் ஒரு கிலோ எஃகையும் வைக்காத கணக்கு, 'பசுமை' என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே கான் போட்ட கணக்கு.

ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்திலும் கானின் உழைப்பு இருக்கிறது. கண்ணாடி இழையாலான துணியின்மீது டெஃப்லான் பூசிச் செய்த 210 கூடாரங்கள் அங்கே இலட்சக்கணக்கான ஹாஜிகளுக்கு நிழல் தருகின்றன. சூடான காற்று ஒவ்வொரு கூடாரத்தின் உச்சித் துளை வழியாக வெளியேறுகிறது. 1983-இல் அம்முனையம் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. அதைக் காண கான் இருக்கவில்லை. 1982 மார்ச்சில் ஜித்தாவிலேயே அவர் மரணமடைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மலேசியாவும் வளைகுடாவும்

ஈரமும் மழையும் நிறைந்த நிலத்துக்கு வேறு விடை தேவை. மலேசியாவின் சுபாங் ஜெயாவில் 1992-இல் நிறைவுற்ற 'மெனாரா மெசினியாகா' அத்தகைய விடை. கென் யேங் வடிவமைத்த 15 மாடி அலுவலகம் அது. காலை வெயில் தாக்கும் கிழக்குப் பக்கத்தில் மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை ஆகியவற்றை வைத்து, அவற்றையே வெயிலுக்குக் கேடயமாக்கினார். அப்பகுதிகளுக்கு இயற்கையான வெளிச்சமும் காற்றும் கிடைப்பதால் குளிர்சாதனம் தேவைப்படவில்லை. தரையிலிருந்து சுற்றிச் சுற்றி மேலேறும் தோட்டங்கள் ஒவ்வொரு சில மாடிக்கும் பசுமையைக் கொண்டுசென்றன. 1995-இல் அதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது.

2008-இல் நிறைவுற்ற பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு இடையே மூன்று காற்றாலைகள் பொருத்தப்பட்டன. கடற்காற்றைக் குவித்து அவற்றின்மீது செலுத்தும் வகையில் கோபுரங்களின் வடிவமே அமைக்கப்பட்டது. 2012-இல் தோஹாவில் ஜான் நுவேல் வடிவமைத்த கோபுரம் மஷ்ரபிய்யாவை அலுமினியத்தில் மீண்டும் நெய்தது. அதன் திரை வடக்கில் 25 சதவீதமும், தெற்கில் 40 சதவீதமும், கிழக்கிலும் மேற்கிலும் 60 சதவீதமும் அடர்த்தியானது. காலையும் மாலையும் சூரியன் தாழ்ந்து நின்று நேராகச் சுடும் திசைகளுக்கே அதிகக் காப்பு தேவை என்னும் கணக்கு அது.

அதே ஆண்டில் அபூதாபியில் நிறைவுற்ற 'அல்-பஹ்ர்' கோபுரங்கள் இன்னும் ஒரு படி முன்னே சென்றன. ஒவ்வொரு கோபுரத்தையும் 1,000-க்கும் மேற்பட்ட முக்கோண மடிப்புக் குடைகள் போர்த்தியிருக்கின்றன. ஹஜ் முனையத்தின் கூடாரத் துணியை ஒத்த துணியே அவற்றிலும் பயன்பட்டது. சூரியன் நகர நகர, வெயில் படும் பக்கத்துக் குடைகள் விரிகின்றன. வெயில் விலகியதும் மடிகின்றன. நேர்வெயில் குறைவான வடக்குப் பக்கத்தில் குடைகளே இல்லை. உள்ளே நுழையும் வெயிலின் வெப்பம் இதனால் பாதிக்கு மேல் குறையும் என்பது வடிவமைத்தவர்களின் மதிப்பீடு. ஆயினும் இத்தனை அசையும் உறுப்புகளைப் பாலைவனத் தூசியில் பழுதின்றிக் காப்பது எளிதன்று. ரோஷனின் மரச்சட்டத்துக்கு மின்மோட்டார் தேவைப்படவில்லை என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

உயரம் பெருமைக்கா, பயனுக்கா?

உயர்ந்த கட்டடங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மஜ்லிஸ்களில் ஒரு கேள்வி எழும். காலணியும் இன்றி ஆடு மேய்த்தவர்கள் கட்டடங்களை உயர்த்துவதில் போட்டியிடுவதை, இறுதி நாளின் அடையாளங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்களே. அவ்வாறாயின் இவற்றைப் புகழலாமா?

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இதற்குத் தெளிவு தந்திருக்கிறார்கள். இறுதி நாளின் அடையாளமாக அறிவிக்கப்பட்ட ஒவ்வொன்றும் ஹராமானதாகவோ இழிவானதாகவோ ஆகிவிடாது என்பது அவர்களின் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாக உயர்ந்த கட்டடங்களையே குறிப்பிடுகிறார்கள். ஆகவே உயரம் என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் தீர்ப்பளிக்க இயலாது. போட்டியும் பெருமையும் வீண்விரயமுமே ஒரு கட்டடத்தைக் கெடுப்பவை.

ஓடும் நீரில் ஒளூச் செய்தாலும் வீணாக்காதே என்று மத்ரஸாவில் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஒரு குவளை நீருக்குப் பொருந்தும் இஸ்ராஃப் என்னும் அளவுகோல், ஒரு நகரத்து மின்சாரத்தை விழுங்கும் கண்ணாடிக் கோபுரத்துக்குப் பொருந்தாமல் போகுமா?

அமானிதம் என்ற அளவுகோலும் உண்டு. வளைகுடாவின் கோபுரங்களில் நம் ஊர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. அங்கே கம்பி கட்டியவர்களிலும் கலவை சுமந்தவர்களிலும் நம் சகோதரர்கள் பலர். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை நேர்வெயிலில் வேலை வாங்குவதற்குத் தடை உண்டு. அந்தச் சட்டம் தேவைப்பட்டது என்பதே அந்த வெயில் எத்தகையது என்பதைச் சொல்கிறது. உள்ளே அமர்பவருக்கு நிழல் தேடும் கட்டடம், அதை எழுப்புபவரின் தலைக்கும் நிழல் தேடியிருக்கவேண்டும். அவ்வாறு தேடாத கட்டடம் எத்தனை பசுமைச் சான்றிதழ் பெற்றாலும் அதன் கணக்கு முழுமையாகாது.

நம் வாசலுக்கு வரும் கேள்வி

கோபுரம் கட்டும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோருக்கு வரப்போவதில்லை. ஆனால் வீடு கட்டும் வாய்ப்பு வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் காற்றை வழிநடத்தின. இன்று வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் எழும் வீடுகள் பலவற்றில், முற்றம் மூடப்பட்டு, மேற்கு நோக்கிய முகப்பில் கண்ணாடி பதிக்கப்படுகிறது. பிறகு ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஏசி தேவைப்படுகிறது. மின்கட்டணம் செலுத்த, தந்தை இன்னும் சில ஆண்டுகள் அங்கேயே தங்கவேண்டியிருக்கிறது.

கட்டட வரைபடம் கையில் வரும்போது பொறியாளரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மாலை வெயில் எந்தச் சுவரில் விழும்? அந்தப் பக்கத்தில் படுக்கையறைக்குப் பதிலாகப் படிக்கட்டையோ கழிவறையையோ வைக்க இயலுமா? சூடான காற்று மேலேறி வெளியேற வழி எங்கே? சன்னலுக்கு வெளியே நிழல் உண்டா? ஜித்தாவிலும் சுபாங் ஜெயாவிலும் பெரும் வடிவமைப்பாளர்கள் தமக்குள் கேட்டுக்கொண்டவையும் இக்கேள்விகள்தாம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் கேட்டால் இவற்றுக்குச் செலவில்லை.

நாம் எழுப்பும் ஒவ்வொரு சுவரையும் பயனுள்ளதாகவும், வீண்விரயம் அற்றதாகவும், பிறர் உரிமையைப் பறிக்காததாகவும் அமைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.